பசுவந்தனைக்குப் போன துண்டு

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

இல்லை அண்ணாச்சி, முழுப் பழியையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை. இத்தனை பெரிய கோவில்பட்டியில் உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், வாயைத் திறந்தால் நையாண்டி, சொன்ன நேரத்துக்கு ஒரு இடத்துக்கும் போய்ச் சேராதவன் என்று ஊருக்கே தெரிந்த என்னைத்தானே நம்பி அனுப்பினீர்கள். அனுப்பியது யார் தப்பு?

சரி, முறைக்காதீர்கள். என் வீட்டு டிவிக்கு மேலே உங்களை மாட்டி நான்கு வருஷம் ஆகிறது. சுற்றிலும் சீரியல் பல்பு போட்டிருக்கிறேன், அதில் பச்சை மட்டும் எரிவதில்லை. இத்தனை நாளும் சிரித்த முகமாகத்தான் இருந்தீர்கள். போன வாரம் உங்கள் மகள் கலா வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரி ஏன் என்று கேட்டாள். "டிவியப் பாத்துக்கிட்டே தின்னா சோறு எறங்க மாட்டேங்கு" என்றேன். அதுவும் பொய்.

நம் வியாபாரிகள் சங்கத்து மாத இதழில் உங்கள் நினைவு நாளுக்கு இடம் கேட்டேன். "போட்டோவும் நாலு வரியும் போதுமே" என்றார்கள். போதாது என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து சந்தைத் தெரு முழுக்கப் படிக்கும். படிக்கட்டும். பொய்யை நாலு பேர் நடுவில் சொன்னவன் நிஜத்தை மட்டும் ரகசியமாகச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

கலா சென்னையில் என்ன வேலை பார்க்கிறாள் என்று நீங்கள் இருந்தவரை நம் இரண்டு பேருக்குமே விளங்கியதில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல பேரு சம்பந்தமா" என்று சொல்லிவிட்டு நீங்கள் விலைவாசிக்குத் தாவிவிடுவீர்கள். இப்போது எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் சாக்குக் கடையில் உட்கார்ந்து எதைச் செய்தீர்களோ அதைத்தான் அவள் செய்கிறாள். என்ன, உங்களுக்கு ஒரு நோட்டு. அவளுக்கு உலகம்.

இணையத்தில் கடை போடுகிறவன், பள்ளிக்கூடம் நடத்துகிறவன், ஆளாளுக்கு ஒரு பெயர் வேண்டுமாம். அந்தப் பெயரைத் தட்டினால்தான் ஜனங்கள் அவனிடம் போய்ச் சேர முடியுமாம். ரொம்ப நாள் இங்கிலீஷில் மட்டும் இருந்ததாம், இப்போது தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயரை வைக்கலாம், ஒன்றுபோல் இன்னொன்று வந்தால் என்ன செய்வது, ஒருத்தர் விட்டுவிட்டுப் போன பெயர் யாருக்கு என்பதற்கெல்லாம் ஒரு விதிமுறை எழுதுகிறார்கள். எழுதியதை முடிவு பண்ணுவதற்கு முன்னால் வரைவு என்று வெளியே விடுவார்கள். யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம். சொன்ன ஒவ்வொரு குறைக்கும் குழு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கலா அந்தக் குழுவில் இருக்கிறாள்.

அறுபத்திரண்டு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சித்தப்பா, கம்ப்யூட்டர் தெரியாத ஆளு யாராவது இத முழுசா வாசிச்சுச் சொல்லணும்னு குழுவுல பேச்சு வந்துச்சு. எனக்கு ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு."

"தெரியாததுல என்னைய மிஞ்ச ஆள் கெடையாதுன்னு அங்கன சொன்னியா?"

"அதச் சொல்லித்தான் ஒங்க பேரக் குடுத்தேன்."

பிள்ளை உங்களை மாதிரி இல்லை அண்ணாச்சி. பதில் சொல்லுகிறாள்.

உட்கார்ந்து படித்தோம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் விளக்கம் சொல்ல. பெயரின் முதலிலும் கடைசியிலும் சின்னக் கோடு வரக்கூடாது என்று ஒரு விதி. எத்தனை எழுத்து வரை நீளலாம் என்று ஒரு விதி. பக்கத்து ஊர் எப்போதும்வென்றான் அதில் அடங்குமா என்று கேட்டேன், அடங்கும் என்றாள். "அந்த ஊர்ல ஒருத்தன் கபடியில ஜெயிச்சுக்கூட நான் பாத்ததில்ல. அப்படிப் பேருக்கெல்லாம் தடை கெடையாதா?" என்றேன். அப்படி ஒரு விதி போட்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பெயரே இருக்காது என்றாள். மெஷினுக்கு உள்ளே தமிழ் ஏறாதாம், நாம் வைக்கிற பெயரை இங்கிலீஷ் எழுத்தாக மாற்றித்தான் அது வைத்துக்கொள்ளுமாம். "அப்ப லேபிள்தான் தமிழு, உள்ள தீக்குச்சி ஒண்ணுதான்னு சொல்லு" என்றேன். சிரித்தாள். உங்கள் சிரிப்பு, பல் தெரியாமல்.

ஒரு இடத்தில் என்னை நிறுத்தினாள். "கட்டாயம் வேண்டும்", "செய்வது நல்லது", "செய்யலாம்". இந்த மூன்றும் அந்தக் காகிதத்தில் சும்மா வராதாம்.

"மூணுக்கும் எடை வேற சித்தப்பா. கட்டாயம்னு போட்டா அதச் செய்யாம தப்பிக்கவே முடியாது. நல்லதுன்னு போட்டா, செய்யாததுக்குத் தக்க காரணம் இருக்கணும். செய்யலாம்னா அவனவன் இஷ்டம்."

அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது அண்ணாச்சி. உங்களுக்கு இருந்தது ஒரே எடைக்கல். எல்லாமே கட்டாயம்.

இதழைப் படிக்கிற இளவட்டங்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்த காலம். தீப்பெட்டி செய்கிற பட்டறையைத்தான் ஆபீஸ் என்போம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு லேபிள், அதில் ஒரு படம், ஒரு பெயர். சர்க்காரில் பதிந்துகொள்ளச் சின்ன ஆட்களுக்குத் தெம்பு கிடையாது. ஆகவே புதுசாகப் பெயர் வைக்கிறவர்கள் அண்ணாச்சியின் சாக்குக் கடைக்கு வருவார்கள். அண்ணாச்சி ஒரு நீள நோட்டைத் திறப்பார். ஏற்கெனவே இருக்கிற லேபிள் அத்தனையும் பசை போட்டு அதில் ஒட்டியிருக்கும். புது லேபிளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "முழுக் கண்ணால பாக்காத. சந்தையில வாங்குதவன் அரைக் கண்ணாலதான் பாப்பான். அரைக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா ஒண்ணுதான்" என்பார். அவர் இல்லை என்றால் இல்லை. கோர்ட்டும் கிடையாது, போலீஸும் கிடையாது. அவர் சொன்னால் கேட்டார்கள்.

மூடிப்போன ஆபீஸின் பெயரை மூன்று வருஷம் யாரும் கேட்கக்கூடாது. அது உறங்குகிறது என்பார். அதற்குப் பிறகு யாராவது கேட்டால், பழைய உடையவர்கள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். கடுதாசி கூடாது, சொல்லி அனுப்பக் கூடாது. நேரே போய் விஷயத்தைச் சொல்லி, அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வர வேண்டும். மனசில்லாதவர்கள் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. திரும்பி வந்ததும் எதில் கொடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். யார் போனது என்று மட்டும் எழுத மாட்டார். அதற்கு ஒரு கட்டமே கிடையாது. எழுத என்ன இருக்கிறது? போகிறவன் எப்போதும் நான்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது பொய் சொல்ல ஆரம்பித்தால் அண்ணாச்சி திட்ட மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார். சொல்லுகிறவன் பாதியில் வாயைத் திறந்தபடி நிற்பான். எத்தனை பேர் அப்படி நின்று பார்த்திருக்கிறேன், எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அரைக் கண் விஷயத்தைக் கலாவிடம் சொன்னேன். ஒன்றுபோல் தெரிகிற பெயர்களைப் பற்றிய பகுதியில் அதை அப்படியே சேர்க்கச் சொன்னேன். அவளும் லேப்டாப்பில் ஏற்றினாள். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒலகத்துக்கு விதி எழுதுத எடத்துல இருக்கேன், காப்பி கொண்டா" என்றேன். "குடிச்ச டம்ளரக் கழுவி வைக்கத் தெரியல, விதி எழுதப் போறாவ" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அப்புறம் ஏழாவது பகுதி வந்தது. விட்டுப்போன பெயர்கள்.

பெயருக்கு உடையவர் அதைக் காலத்தில் புதுப்பிக்காவிட்டால் மூன்று முறை மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். முப்பது நாள் பார்க்க வேண்டும். பதில் இல்லை என்றால் அந்தப் பெயர் முதலில் கேட்கிறவனுக்கு. இவ்வளவுதான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன். கலா கையை வைத்து மறித்தாள்.

"இருங்க சித்தப்பா. இந்தப் பகுதிக்கு ஒரு கருத்து வந்திருக்கு. அதுக்குப் பதில் எழுத வேண்டியவ நான்தான். அதுக்காகத்தான் நேர்ல வந்தேன்."

லேப்டாப்பைத் திருப்பி வைத்து அவளே வாசித்தாள். "எங்கள் அப்பா இறந்த பிறகு அவருடைய தீப்பெட்டிப் பெயரை, எங்களைக் கேட்டதாக ஒரு நோட்டில் எழுதிவைத்து, இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் செம்பில் நன்னாரித் தண்ணீர் குடித்ததாக அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. அறிவிப்பு அனுப்பிவிட்டேன் என்று எழுதிவைக்கிறவரை மட்டும் நம்பி இந்த விதியை எழுதாதீர்கள்." கீழே ஒரு பெண் பெயர். பசுவந்தனை.

பைக்குள்ளிருந்து உங்கள் நோட்டை எடுத்தாள் அண்ணாச்சி. சாக்கு வாடை இன்னும் போகவில்லை. அடையாளத்துக்கு ஒரு நூல் வைத்திருந்தாள். குடை பிடித்த முயல் லேபிள். பக்கத்தில் உங்கள் கையெழுத்து: பசுவந்தனை. செம்பில், நன்னாரி வேர் போட்ட தண்ணீர். பூரண சம்மதம்.

"அப்பா எழுத்துதான் சித்தப்பா. இந்த அம்மா சொல்லுதது நெசமாத்தான் இருக்கும், இத்தன வருசம் கழிச்சு ஒருத்தி எதுக்குப் பொய் சொல்லப் போறா? அப்படின்னா அப்பா போகாமலே, கேக்காமலே, அவியளே எழுதிக்கிட்டாவளா?"

நான் காப்பியைக் குடித்தேன். காலி டம்ளர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் எழுதிவைத்திருந்த பதிலையும் காட்டினாள். "அந்த நோட்டை எழுதியவர் என் தகப்பனார். அந்தப் பதிவு பொய் என்று ஏற்கிறேன். மகள் என்ற முறையில் மன்னிப்புக் கேட்கிறேன்." வெள்ளிக்கிழமை அதை வெளியிட வேண்டுமாம்.

"ஒங்க அப்பான்னு போடணுமாம்மா? ஒரு பெரியவர்னு போட்டா என்ன?"

"பேர் விசயத்துல நேர்மையா இருங்கன்னு ஊருக்குச் சொல்லுத காயிதம் சித்தப்பா இது. அதுல எங்க அப்பா பேர நானே மறைக்கவா?"

அண்ணாச்சி, அந்தக் குடை பிடித்த முயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழையே பெய்யாத கரிசல் காட்டில் முயலுக்குக் குடை எதற்கு என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். பசுவந்தனை முத்துலட்சுமியம்மாவின் வீட்டுக்காரர் தன் கையால் வரைந்தது. அவர் இறந்து ஆபீஸ் மூடி மூன்று வருஷம் ஆனதும், கயத்தாறு ரோட்டில் புதுசாக ஆரம்பித்த ஒருத்தர் அந்தப் பெயரைக் கேட்டு வந்தார். நீங்கள் என்னை அழைத்து, "ஏலே வேலு, பசுவந்தனைக்குப் போயி அந்த அம்மாட்டக் கேட்டுட்டு வா. வயிறு எரிஞ்ச வீடு, அங்கன போயிக் கேலி பேசாத" என்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதுவரை நிஜம். சித்திரை வெயில், பசுவந்தனை பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடமும் பிடித்தேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. கீழே நின்று பீடி பற்ற வைத்தேன். அப்போது எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருத்தன் ஹாரன் அடித்தான். "கயத்தாறுல ஒரு ஓட்டலுக்குப் புது மாஸ்டர் வந்திருக்கான், புரோட்டா பஞ்சு மாதிரி இருக்கு, வாரியா?" என்றான்.

என் துண்டு பசுவந்தனைக்குப் போனது. நான் கயத்தாறுக்குப் போனேன்.

லஞ்சம் வாங்கவில்லை அண்ணாச்சி. வாங்கியிருந்தால்கூட ஒரு காரணம் என்று இருந்திருக்கும். புரோட்டாவும் வெயிலும்தான் காரணம். மறுநாள் போய்க்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் துண்டை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தால், நீங்கள் நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறீர்கள். "தண்ணி குடிச்சியாலே?" என்றீர்கள். குடித்தேன் என்று வந்துவிட்டது. எதில் என்றீர்கள். செம்பில் என்றேன். சும்மா விட்டேனா? நாக்கு என்னுடையதாயிற்றே. "வெயில்ல வந்திருக்கியன்னு நன்னாரி வேர் போட்டுக் குடுத்தாவ அண்ணாச்சி. பேரு நல்லாருக்கட்டும், யாராவது அத வாழ வைக்கட்டும்னு சொல்லுதாவ" என்று அளந்தேன்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுவீர்கள், எழுந்து போவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் போகவில்லை. கடைசிச் சொல் வரை உட்கார்ந்து எழுதினீர்கள். ஏன் அண்ணாச்சி? ஊரில் அத்தனை பேர் பொய்யையும் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்த ஆள், என் பொய்க்கு மட்டும் ஏன் உட்கார்ந்திருந்தீர்கள்?

கொஞ்ச மாசம் கழித்து முத்துலட்சுமியம்மா மஞ்சள் பையில் பழைய லேபிள் கட்டோடு கடைக்கு வந்தார்கள். ஆபீஸை மறுபடி ஆரம்பிக்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். முயல் அதற்குள் சந்தையில் இன்னொருத்தர் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் நோட்டை வாசித்துக் காட்டினீர்கள்.

"எங்க வீட்டு நடையில ஒரு காக்கா கூட வந்து ஒக்காரல அண்ணாச்சி. செம்பு ஏது எங்க வீட்டுல? மண்பானையும் அலுமினிய டம்ளரும்தான். நன்னாரி போடுத வழக்கமும் கெடையாது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஏலே வேலு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"துக்கத்துல இருந்த வீடு அண்ணாச்சி. அவிய மறந்திருப்பாவ."

இதைச் சொன்ன வாயை இன்று வரை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். போகாதது சோம்பேறித்தனம். செம்பும் நன்னாரியும் என் கொழுப்பு. அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே அவர்கள் துக்கத்தையே எனக்குச் சாட்சியாக இழுத்தேனே, அதற்கு என்ன பெயர் வைக்க?

நீங்கள் பேனாவை மூடினீர்கள். ஆனால் எழுந்து போகவில்லை. "தப்பு என் நோட்டுல நடந்திருக்கும்மா. எழுத்து என்னுது. நான்தான் பொறுப்பு" என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். புது ஆளிடம் பெயரைத் திருப்பிக் கேட்டு நடந்தீர்கள், அவர் தரவில்லை. அன்றோடு நோட்டைப் பரணில் போட்டீர்கள். அந்த அம்மா வேறு பெயரில் ஆரம்பித்துப் பார்த்தார்கள். முயலைக் கேட்டு வாங்கிய கடைக்காரர்கள் புதுப் பெயரைத் தொடவில்லை. அப்புறம் மிளகாய்க் காட்டு வேலைக்குப் போய்த்தான், இப்போது கருத்து எழுதிய அந்த மகளைப் படிக்க வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி. அங்கே போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

இதெல்லாம் முழுசாகத் தெரிந்தவன் உலகத்தில் இப்போது நான் ஒருத்தன்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். பொய் எழுதியவர் நீங்கள் என்று ஆகிவிடும், அதுவும் உங்கள் மகள் கையால். நான் அரைக் கண் விதி சொன்ன சித்தப்பாவாக மிச்ச நாளைக் கழிக்கலாம். நிஜமாகவே ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தேன் அண்ணாச்சி. ஒரு நிமிஷம் கூட இல்லை, கலா அந்தப் பதிலில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிற நேரம்.

"கலா, அந்தப் பதில அழிச்சிரு" என்றேன்.

"ஏன்?"

"ஒங்க அப்பா பொய் எழுதல. நான் சொன்னத எழுதினாவ. அன்னைக்கிப் பசுவந்தனைக்குப் போக வேண்டியவன் நான். போகல."

சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க விளையாடியவனுக்கு அதுதான் தண்டனை போல. "சும்மா இருங்க சித்தப்பா, அப்பாவக் காப்பாத்துததுக்காக இதெல்லாம் சொல்லாதீங்க" என்றாள். பஸ், துண்டு, லாரி, புரோட்டா, செம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நன்னாரிக்கு வரும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த அம்மா கடைக்கு வந்தப்ப நீங்க அங்கனதான் இருந்தியளா?"

"இருந்தேன்."

"அப்பா ஒங்களக் கேட்டாவளா?"

"கேட்டாவ."

"என்ன சொன்னிய?"

சொன்னேன்.

நோட்டை மூடினாள். லேப்டாப்பை மூடினாள். "இன்னும் ஒண்ணு இருக்கும்மா, அதையும் கேட்டுட்டுப் போ" என்றேன். எழுந்துவிட்டாள். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. உங்களைப் போலவேதான் அண்ணாச்சி. என்ன, நீங்கள் பொய்க்கு எழுந்து போவீர்கள். அவள் நான் முதல்முதலாகச் சொன்ன நிஜத்துக்கு எழுந்து போனாள். வாயைத் திறந்தபடி நின்றேன். சார்ஜரை மறந்துவிட்டாள், அது இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. அதை வாங்கவாவது வருவாளா?

அன்றைக்கே ஒரு தாளில் என் கருத்தை எழுதினேன். இவ்வளவுதான் அது: "ஏழாவது பகுதிக்கு. அறிவிப்பு அனுப்பினோம் என்று அனுப்பியவன் சொன்னால் போதாது. கிடைத்தது என்று அந்தப் பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். போனவன் யார் என்று பெயர் எழுத ஒரு இடம் விட வேண்டும். இரண்டும் கட்டாயம். பசுவந்தனைக் கருத்துக்குப் பதில்: அந்தப் பதிவு பொய். நோட்டுக்காரர் என்னை நம்பி எழுதினார். போகாமலே போனதாகச் சொன்னவன் நான்." முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்து, போட்டோ பிடித்துக் கலாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். முதலில் ஒரு டிக். பிறகு இரண்டு. அப்புறம் இரண்டும் நீலமாயிற்று. 

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், குழு வெளியிட்ட பதிலைக் கடைக்காரனை எடுத்துக் காட்டச் சொன்னேன். என் தாளில் இருந்தது ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியே ஏறியிருந்தது. "சித்தப்பா" என்று எங்கும் இல்லை. என் பெயருக்குக் கீழே, கருத்துச் சொன்ன ஒருவர் என்று இருந்தது.

அவள் கேட்காமல் போன அந்த ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். இதழை அவளுக்கும் அனுப்புவார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது நர்ஸைக் கிண்டல் பண்ணி உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, சம்பந்தமே இல்லாமல் கேட்டீர்கள்: "ஏலே வேலு, அன்னைக்கிப் பசுவந்தனைக்கு எந்தப் பஸ்லலே போன? துண்டு போட்டு எடம் புடிச்சியா?"

நான் என்ன செய்தேன்? "ஒங்களுக்கும் சேத்துத்தான் புடிச்சேன், எந்திரிங்க, போவோம்" என்றேன். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

துண்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை அண்ணாச்சி. கண்டக்டர் சொன்னானா? எப்போது சொன்னான்? நன்னாரி சொன்ன அன்றே தெரியுமா, அந்த அம்மா வந்து நின்ற அன்று தெரியுமா? தெரிந்துதான் உங்கள் நோட்டு, உங்கள் எழுத்து, உங்கள் பொறுப்பு என்று கும்பிட்டீர்களா? நானே சொல்லட்டும் என்று கடைசி வரை இடம் விட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கட்டில் பக்கத்திலும் நான் அந்த இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு நழுவத்தான் செய்தேன்.

கலா, இதைப் படித்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். உங்கள் அப்பா ஏமாந்தவர் இல்லை.

நாளைக்குக் காலை பசுவந்தனைக்குப் போகிறேன் அண்ணாச்சி. முத்துலட்சுமியம்மா இருக்கிறார்களாம், கண் கொஞ்சம் மங்கலாம், காது நன்றாகக் கேட்குமாம். வாசலில் நின்று நான் யார் என்று முதலில் சொல்லுவேன். தண்ணீர் கேட்க மாட்டேன். கொடுத்தால் எதில் கொடுத்தார்களோ அதில் குடிப்பேன். கொடுக்காவிட்டால் நாக்கு வறள அதே வெயிலில் திரும்பி வருவேன். எதுவானாலும் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து, உள்ளது உள்ளபடி, கூட ஒரு நன்னாரி வேர் சேர்க்காமல் சொல்லுவேன். நீங்கள் எழுந்து போகாமல் கேளுங்கள்.

துண்டு கொண்டுபோகவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே போகிறேன் என்று வாக்குக் கொடுக்கிற,

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
வேலு